கண்ணில் விட்ட சொட்டு... நாடியைக் குறைத்தது!

கண் ஆபரேஷன் முடிந்து வந்த மாமனார் மூன்று வாரமாக வாடியது ஏன்? வானூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகியின் அனுபவம்

கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் நாளுக்கு நாள் வாடிப்போனால், நம் ஊர்ப்பக்கம் உடனே மூன்று பதில்கள் கிடைக்கும். 'வயசாயிடுச்சு', 'உடம்புல கத்தி பட்டா அப்படித்தான்', 'யாரோ கண்ணு வெச்சுட்டாங்க'. மூன்றுமே ஆறுதலான பதில்கள்தான். ஏனென்றால், மூன்றை நம்பினாலும் நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இருக்காது. என் மாமனார் சோர்ந்து கிடந்தபோது இந்த மூன்றையும் சொல்லாத உறவினர் கிடையாது. ஆனால், உண்மையான காரணம் அவர் தலைமாட்டில் இருந்த ஒரு சின்ன சொட்டு மருந்துப் புட்டியில் இருந்தது. நம் வாசகர்கள் வீடுகளில் வயதானவர்கள் இருப்பார்கள். கண் ஆபரேஷனும் நடக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லையே கதியாக இருந்தவர்

எங்களுக்கு வானூர் பக்கத்தில் மூன்றரை ஏக்கர். இரண்டு ஏக்கர் செம்மண் கொல்லை, ஒன்றரை ஏக்கர் கழனி. கழனியில் சம்பா நெல், கொல்லையில் மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை, வரப்போரம் கொஞ்சம் சவுக்கு. நானும் என் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம் என்றாலும், கணக்குக்கு மேஸ்திரி என் மாமனார்தான். வயது 74. விடியற்காலையில் எழுந்து, மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, மடை திருப்பிவிட்டுத்தான் காபி குடிப்பார். பத்து வருடமாக பி.பி. உண்டு. அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் அட்டெனோலால் மாத்திரை ஒன்று, தினமும் காலையில். மற்றபடி சர்க்கரை இல்லை, ஆஸ்துமா இல்லை.

போன வருடம்தான் பார்வை மங்க ஆரம்பித்தது. மல்லாட்டை இலையைத் திருப்பிப் பார்த்து சுருள்பூச்சி இருக்கிறதா என்று முதல் ஆளாகச் சொல்கிறவர், "எல்லாம் பனி மூடின மாதிரி இருக்குதும்மா, நீயே பாரு" என்று இலையை என்னிடம் நீட்டினார். சாயங்காலம் வரப்பில் இரண்டு முறை தடுக்கி விழுந்தார். கண்புரை என்றார்கள்.

ஆபரேஷன் என்றதும் பின்வாங்கினார். அதற்குக் காரணம் இருக்கிறது. 2008 ஜூலையில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஓர் இலவச கண் முகாமின் வழியாக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 66 பேர் பார்வையை இழந்தார்கள். கிருமித் தொற்றுதான் காரணம். எங்கள் மாவட்டத்துப் பெரியவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. "இருக்கற பார்வையும் போயிட்டா?" என்பதுதான் மாமாவின் கேள்வி. கண்புரை ஆபரேஷன் என்பது இன்றைக்கு நாட்டில் மிக அதிகமாக நடக்கும், பெரும்பாலும் நன்றாகவே முடியும் சிகிச்சை என்று எடுத்துச் சொல்லி, சம்பா அறுவடை முடிந்த கையோடு தை மாதத்தில் அழைத்துப் போனோம்.

அங்கே பதிவு செய்யும் இடத்தில், "சுகர் இருக்கா, பி.பி. இருக்கா?" என்று கேட்டார்கள். "பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுறார்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சீட்டில் 'பி.பி. உண்டு' என்று எழுதிக்கொண்டார்கள். என்ன மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷன் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரில் தேதி, கிழமையெல்லாம் வாசித்தார். வீட்டுக்கு வரும் வழியில் சாலையோரக் கழனியைப் பார்த்து, "பச்சைன்னா இவ்ளோ பச்சையா!" என்றார். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

மல்லாட்டை நோட்டில் இருந்த தேதி

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மல்லாட்டைக்கு ஒரு நோட்டு போட்டு, விதைத்த நாளிலிருந்து நாள் கணக்கு எழுதுவேன். எத்தனையாவது நாள் களை, எத்தனை ஆள், எப்போது தண்ணீர், எப்போது ஜிப்சம் என்று எல்லாம் அதில் இருக்கும். அன்றன்றைக்கு வீட்டில் நடப்பதும் ஓரத்தில் ஒரு வரியாக ஏறிவிடும். பின்னால் உதவியது அந்த நோட்டுதான்.

35-ஆம் நாள்: மாமாவுக்கு ஆபரேஷன். 38-ஆம் நாள்: கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகை வரை தானே நடந்து வந்தார். 42-ஆம் நாள்: கண் பரிசோதனைக்குப் போனோம். ஆபரேஷன் செய்த கண்ணில் அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று, ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்த இரண்டு சொட்டு மருந்துகளோடு புதிதாக ஒன்று சேர்த்துக் கொடுத்தார்கள். காலை ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு, ஒரு மாதத்துக்கு.

45-ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். தூசு பறக்கும் என்பதால் மாமாவைக் கொட்டகையிலேயே உட்காரச் சொன்னோம். ஒரு வாரம் முன்பு ஒரே மூச்சில் நடந்து வந்த வழியில், அன்றைக்கு இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். 48-ஆம் நாள்: 'மாமா வரவில்லை'. அதற்குப் பிறகு நோட்டில் அந்த வரி தினமும் வருகிறது.

வீட்டில் அவர் இருந்த விதமே மாறிவிட்டது. எழுந்து நின்றால் தலை சுற்றல். கேழ்வரகுக் கூழ் அரைச் சொம்போடு போதும் என்பார். பகலெல்லாம் படுக்கை. கை, கால் சில்லென்று இருக்கும். எல்லாவற்றையும் விட எங்களைப் பயமுறுத்தியது, அவர் யாரையும் திட்டவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்றுகூட கேட்கவில்லை. "கண்ணு தெரியுதே மாமா, வாங்க, செடியைப் பாருங்க" என்று கூப்பிட்டால், "தெரிஞ்சு என்னம்மா பண்றது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அத்தை ரகசியமாக அழ ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டினோம். சர்க்கரை பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை. குளுக்கோஸ் ஏற்றி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த கண் பரிசோதனையில் சோர்வைப் பற்றிச் சொன்னோம். "கண்ணு ரொம்ப நல்லா இருக்கு. சோர்வுக்குப் பொது டாக்டரைப் பாருங்க" என்றார்கள். அவர்கள் கண்ணைப் பார்த்தார்கள், இவர்கள் உடம்பைப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே தொடர்பு இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 60-ஆம் நாள் காலையில் மாட்டுக்கொட்டகை வாசலில் கண் இருட்டிக் கீழே விழுந்தார். எலும்பு எதுவும் முறியாதது எங்கள் நல்ல நேரம்.

மெஷினில் இருந்த மூன்றாவது எண்

மூன்று நாள் கழித்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் பெண் வந்தார். 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இது. பி.பி., சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, பி.பி.யும் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெண் மாமாவின் கையில் பட்டையைச் சுற்றி மெஷினை அழுத்தினார். மெஷினில் மூன்று எண்கள் வரும். மேலே இரண்டும் பி.பி.; கீழே இருப்பது நாடித் துடிப்பு. நாமெல்லாம் மேலே இருப்பதை மட்டும்தான் கேட்போம். "நூத்திப் பத்துக்கு எழுபது" என்றால் "நல்லதும்மா" என்று முடிந்துவிடும்.

அவர் கீழே இருந்த எண்ணைப் பார்த்தார். 42. மறுபடி அழுத்தினார். 41. மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினார். "அக்கா, அறுபதாவது இருக்கணும். இப்பவே கிளம்புங்க, இன்னிக்கு மாத்திரையை டாக்டர் சொன்ன பிறகு குடுத்துக்கலாம்" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுத்ததும் 108-ஐ வரவழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மருந்து போகுது? சீட்டு வேணாம். வீட்ல இருக்கற எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

"கண்ணு மருந்துமா டாக்டர்?" என்றேன்.

"அதுதாம்மா முதல்ல வேணும்."

என் மகன் பைக்கில் போய் மஞ்சள் பையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தான். டாக்டர் பி.பி. மாத்திரை அட்டையை ஒரு கையிலும், புதிதாகச் சேர்த்த சொட்டு மருந்துப் புட்டியை ஒரு கையிலும் எடுத்துக் காட்டினார். புட்டியில் இருந்தது டிமோலால். "இது அட்டெனோலால், அது டிமோலால். ரெண்டும் அண்ணன் தம்பி. ரெண்டுமே இதயத் துடிப்பைக் குறைக்கும்" என்றார். நான் நோட்டுக் கணக்கைச் சொன்னேன். 42-ஆம் நாள் சொட்டு ஆரம்பம், 45-ஆம் நாள் தளர்ச்சி. அவர் தலையாட்டினார்.

கண்ணிலிருந்து ஓடும் வாய்க்கால்

ஒரு சொட்டு கண்ணில் விட்டால் அது எப்படி நெஞ்சுக்குப் போகும்? எனக்கும் அதுதான் சந்தேகம். டாக்டர் விளக்கியதையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் நம் பாஷையில் சொல்கிறேன்.

கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. அங்கிருந்து மூக்குக்குள் ஒரு வாய்க்கால் போகிறது. கண்ணீர் வடிவதற்காக இருக்கும் வாய்க்கால் அது. அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். சொட்டு மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பது அதனால்தான். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு, கண் தாங்கக்கூடிய அளவைவிட அதிகம். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லாவிட்டால் வாய்க்காலில் இறங்கும். மூக்கின் உள்தோல் மெல்லியது, ரத்த ஓட்டம் நிறைந்தது. அங்கே போன மருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடும்.

வாயில் போடும் மாத்திரை குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே ஒரு பகுதி சிதைந்த பிறகுதான் மிச்சம் உடம்புக்குக் கிடைக்கும். மூக்கு வழியாகப் போகும் சொட்டுக்கு அந்தச் சோதனைச்சாவடி கிடையாது. அதனால்தான் சொட்டு சிறியதாக இருந்தாலும் வேலை பெரியதாக இருக்கிறது. மருந்து அடிக்கும்போது தோல் வழியாகவே விஷம் ஏறும், கையுறை போடுங்கள் என்று நம் பத்திரிகைகளில் படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

டிமோலால் கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கும். அதனால் கண் அழுத்தம் இறங்கும். ஆனால், ரத்தத்தில் கலந்தால் இதயத்துக்கு 'வேகமாக ஓடு' என்று உடம்பு சொல்லும் கட்டளையையும் தடுக்கும். அட்டெனோலால் செய்யும் வேலையும் அதுவே. ஏரி மதகை ஒருவர் வந்து நாலு சுற்று இறக்கிவிட்டுப் போகிறார். அது தெரியாமல் இன்னொருவர் வந்து மேலும் நாலு சுற்று இறக்குகிறார். கழனி காய்கிறது. இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். மாமாவின் உடம்பில் நடந்தது இதுதான். துடிப்பு குறைந்ததால் மூளைக்கும் கை காலுக்கும் போகும் ரத்தம் குறைந்தது. தலைசுற்றல், சில்லிட்ட கை, சோர்வு, எதிலும் ஆசை இல்லாமை எல்லாம் அதன் விளைவுதான்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. டிமோலால் சொட்டு மருந்து 1978-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1985 வரையிலான காலத்தில், அதனால் ஏற்பட்டதாகக் கருதப்படும் கடுமையான மூச்சு, இதயப் பிரச்னைகள் பற்றி அந்த நாட்டில் 450 புகார்கள் பதிவாயின. 32 மரணங்களும் பதிவாயின. பலருக்கு ஏற்கெனவே ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தது. அதனால்தான் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், நாடி ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அதே சமயம், இதை விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கும் மருந்து இது. கண் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் பார்வை நரம்பு கெடும்; அப்படிப் போன பார்வை திரும்பி வராது. கண்புரையால் போன பார்வையை ஆபரேஷனில் மீட்கலாம், இதை மீட்க முடியாது. அதனால் சொட்டையும் சும்மா நிறுத்த முடியாது. பல வருடம் சாப்பிட்ட அட்டெனோலாலையும் நம் இஷ்டத்துக்கு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, பி.பி. எகிறலாம், நெஞ்சுவலி வரலாம். அங்கிருந்த டாக்டர் கண் டாக்டரிடம் போனில் பேசி, கண்ணுக்கு வேறு வகை சொட்டு மருந்தை எழுத வைத்தார். பி.பி.க்கும் வேறு மாத்திரை மாற்றினார். அதுவரை மாமாவை மானிட்டரில் போட்டுக் கண்காணித்தார்கள்.

முதல் நாள் ராத்திரி 48. மறுநாள் 56. மூன்றாம் நாள் காலையில் 64. அன்றைக்குப் பார்க்கப் போன என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் மாமா கேட்டது, "நீ இங்க இருக்கறியே, மோட்டார் யார்றா போட்டது?" என் அத்தை அப்போதுதான் சிரித்தார்.

காரணம் இதுவாகத்தான் இருக்குமா?

எல்லோருக்கும் இதே காரணம் இருக்காது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர்கள் தளர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

கண் அழுத்தத்துக்கு அசெட்டசோலமைட் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள். டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அடிக்கடி சிறுநீர் போகும், பசி குறையும், விரல்கள் மரமரக்கும், உடம்பில் பொட்டாசியம் சத்து இறங்கும். சிறுநீரகம் பலவீனமான பெரியவர்களுக்கு மிகுந்த சோர்வும் குழப்பமும் வரலாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரம் வரை ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடுவது வழக்கம். சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் சேரும். மாத்திரையாகப் போனால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை எகிறும். அதிக தாகம், அதிக சிறுநீர், தளர்ச்சி இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

கண்மணியை விரிக்க விடும் அட்ரோபின் போன்ற சொட்டுகள், சில பெரியவர்களுக்கு வாய் உலர்ச்சி, சிறுநீர் அடைப்பு, சம்பந்தமில்லாத பேச்சு ஆகியவற்றை உண்டாக்கலாம். 'ராத்திரியில ஏதோ உளர்றார், காத்து கருப்பு பட்டிருக்கு' என்று மந்திரிக்கப் போவதற்கு முன் புட்டியைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்காகச் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்று தெளிவாகச் சொல்லாமல், அப்படியே விட்டுப்போவதும் உண்டு.

கடைசியாக, நம் வீட்டுப் பத்தியம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்வதை, எழுந்திருக்கவே கூடாது என்று மாற்றிவிடுகிறோம். தலைக்குக் குளிக்க வேண்டாம் என்றால் தண்ணீரே குடிக்க வேண்டாம் என்பது போல் நடந்துகொள்கிறோம். புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, மீன் ஆகாது என்று தள்ளி, கடைசியில் ரசம் சோறு மட்டும் மிஞ்சும். 70 வயதுக்கு மேல் இரண்டு வாரம் படுத்துக் கிடந்தால் தொடைச் சதை கரைந்துவிடும்; திரும்ப வருவது கஷ்டம். முட்டை, பருப்பு, கீரை, மல்லாட்டை எல்லாம் சாப்பிடலாம். வீட்டுக்குள் நடக்கலாம். சந்தேகம் இருந்தால் கண் டாக்டரிடமே கேளுங்கள்.

எங்களிடம் பலர் கேட்ட கேள்விகள்

மாமா வீடு திரும்பியதும் ஊரில் பலர் வந்து விசாரித்தார்கள். அவர்கள் கேட்டதையும், டாக்டர்களிடம் நாங்கள் கேட்டு வந்து சொன்ன பதிலையும் இங்கே கொடுக்கிறேன்.

சொட்டு மருந்து ரத்தத்தில் கலக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். விட்ட பிறகு கண்ணை மென்மையாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையைச் சுத்தமான விரலால் லேசாக அழுத்திக்கொள்ள வேண்டும். கண்ணை அழுத்தக் கூடாது, மூக்கு எலும்போரத்தைத்தான். வாய்க்காலின் மடையை அடைப்பது போலத்தான் இது. இரண்டு நிமிடமாவது செய்யுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் ரத்தத்தில் கலப்பது பாதிக்கும் மேல் குறையும் என்று 1984-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கிடைப்பதும் அதிகமாகும். ஆபரேஷன் புதிதாக நடந்த கண்ணாக இருந்தால், எப்படி அழுத்துவது என்று நர்ஸிடம் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

எங்க அப்பாவுக்கும் அதே மருந்துதானா என்று எப்படிப் பார்ப்பது?

பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்க வேண்டாம். கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். படித்த பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். 'டிமோலால்' என்று தனியாகவோ, வேறு மருந்தோடு கலந்தோ இருக்கும். மாத்திரை அட்டையிலும் 'லால்' என்று முடியும் பெயர் இருந்தால் (அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால்) இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்தாலே ஆபத்து என்று அர்த்தம் இல்லை. டாக்டருக்குத் தெரிந்து, நாடி பார்த்துக்கொண்டு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் கண் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

நாடியை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம். நன்றாக உழைக்கும் உடம்புக்கு 55 இருந்து, ஆள் தெம்பாக இருந்தால் கவலை இல்லை. 50-க்குக் கீழே போனாலோ, குறைந்த நாடியோடு தலைசுற்றல், மூச்சு வாங்குதல், மயக்கம் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பி.பி. மெஷினில் பார்த்தால் மூன்றாவது எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் சொட்டை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த சொட்டுக்கு முன்பு கண் மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். சீட்டில் எண் இருக்கும். ஆள் மயங்கி விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ 108-ஐக் கூப்பிட்டு, புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு விடலாமா? மருந்தைவிட அது பரவாயில்லையே?

வேண்டவே வேண்டாம். ஆபரேஷன் செய்த கண் திறந்த புண் மாதிரி. கிருமி நீக்காத எது உள்ளே போனாலும் தொற்று வரலாம். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் வலி அதிகமானாலோ, சிவப்பு கூடினாலோ, சீழ் வந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தொற்றாக இருந்தால் மணிக்கணக்கில் பார்வை போய்விடும்.

இவ்வளவு தொல்லைக்கு ஆபரேஷனே வேண்டாமே?

மாமாவிடமே இதைக் கேட்டார்கள். "அடுத்த கண்ணுக்கும் பண்ணிக்கப் போறேன். ஆனா, மாத்திரை அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் போவேன்" என்றார்.

நோட்டு போடுங்கள்

செடி மஞ்சளடித்தால் விவசாயி 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவதில்லை. எப்போதிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து, கடைசியாக என்ன போட்டோம், என்ன அடித்தோம் என்றுதான் கேட்கிறோம். மனிதர்களுக்கும் அதையே கேட்கலாம். வயது மெல்ல மெல்லத்தான் ஆளைத் தளர்த்தும். போன வாரம் நடந்தவர் இந்த வாரம் நடக்கவில்லை என்றால், அதற்கு ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் என்ன மாறியது என்று தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று பழக்கங்கள் வந்திருக்கின்றன. மாத்திரை, சொட்டு, தைலம், நாட்டு மருந்து என்று உடம்பில் படுகிற எல்லாம் ஒரே பையில் இருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், அந்தப் பை கூடவே போகும். மருந்துகளின் பெயரை ஒரு அட்டையில் எழுதி மாமாவின் ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறோம். புதிதாக எந்த மருந்து ஆரம்பித்தாலும் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு எழுதுகிறோம்.

விதைத்த தேதியையும் கன்று ஈன்ற தேதியையும் காலண்டரில் எழுதி வைக்கிற வீடுகள்தான் நம்முடையவை. வீட்டுப் பெரியவருக்காக இன்னும் ஒரு வரி எழுதுவது நமக்குப் பெரிய வேலை இல்லை.